குளிர்நாட்டுக் கனியும் கொழும்பு முற்றமும்



வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகளுள் ஒன்றிலே, இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் வாழ்ந்து வந்தார். கொட்டாஞ்சேனையிலுள்ள பாடசாலையொன்றில் நாற்பது ஆண்டுகளுக்கு அண்மையாக ஆங்கிலம் கற்பித்தவர் அவர். கீழ்வகுப்புப் பாடப்புத்தகம் ஒன்றிலே, இரு சிறுவர் கூடை எடுத்துக்கொண்டு வேலியோரம் ராஸ்பெரி பறிக்கப் போகும் பாடம் ஒன்று இருந்ததாம். ஆண்டுதோறும் அந்தப் பாடம் வரும், ஆண்டுதோறும் யாராவது ஒரு மாணவன் எழுந்து நின்று, "அந்தப் பழம் எப்படி இருக்கும், சேர்?" என்று கேட்பான். "சிவப்பாய் இருக்கும், இனிப்பாய் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வரிக்குப் போய்விடுவார். உண்மையில், ஜாம் தகரத்தின் மேல் ஒட்டியிருந்த படத்தையன்றி அப்பழத்தை அவர் கண்டதில்லை.

இளைப்பாறிய பின்னர், மலைநாட்டிலே தொழில் பார்த்த பழைய மாணவர் ஒருவர், பங்களாத் தோட்டம் ஒன்றிலிருந்து வேரோடு கிளப்பிய இரண்டு தண்டுகளை ஈரச் சாக்கிலே சுற்றிக் கொண்டுவந்து அவரிடம் கொடுத்தார். ஆசிரியர் அவற்றைப் பெரிய பூச்சாடிகளில் நட்டார். காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைத்தார். கடற்காற்றின் உப்புப் படாமல் ஓலைத்தட்டி கட்டினார். செடிகள் நன்றாகவே தழைத்தன. பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் இலையைக் காட்டினார். பூ வரவில்லை. மறு ஆண்டு தளிர் மெலிந்தது. மூன்றாம் ஆண்டு அடிவேரிலிருந்து ஒரு முளைகூட எழவில்லை. நான் ஒருநாள் அந்த வெறுஞ் சாடிகளைக் கண்டு காரணம் கேட்டேன். "இது தண்ணீர் இல்லாமல் செத்த செடியல்ல, தம்பி, நித்திரை இல்லாமல் செத்த செடி" என்றார்.

அவர் வேடிக்கையாகச் சொன்னார் என்றே அன்று எண்ணினேன். பிறகு அவர் காட்டிய நூல்களைப் படித்தபோதுதான், அந்த ஒரு வாக்கியத்துக்குள்ளே இந்நாட்டின் இருநூறு ஆண்டுத் தோட்டக்கலை வரலாறு அடங்கியிருப்பது தெரிந்தது. இன்று உங்களோடு பேச எடுத்துக்கொண்ட பொருள் அதுவே.

முதலில் அந்தச் செடியின் இயல்பைச் சொல்லிவிடுகிறேன். ராஸ்பெரி ரோசாவின் குடும்பத்தைச் சேர்ந்தது. 1753-ஆம் ஆண்டில் லின்னேயசு அதற்கு 'ரூபஸ் ஐடேயஸ்' என்று பெயர் வைத்தார். ஐடா என்னும் மலையின் பெயர் அதிலே கலந்திருக்கின்றது. நாம் ஒரு பழம் என்று கருதுவது உண்மையில் பல சிறு பழங்களின் திரள். ஒவ்வொரு சிறு மணிக்குள்ளும் ஒரு விதை உண்டு. பறிக்கும்போது காம்பின் நடுக்குருத்து செடியிலேயே தங்கிவிட, பழம் தொப்பிபோல உள்ளே குழிவாகக் கையில் வரும். வேர் பல்லாண்டு வாழும். ஆனால் தண்டுக்கு ஆயுள் இரண்டே ஆண்டு. முதலாண்டில் தண்டு வளர்ந்து இலை விடும். குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும். இரண்டாம் ஆண்டில் விழித்தெழுந்து பூத்துக் காய்த்து மடியும். இந்த உறக்கந்தான் அதன் உயிர்நாடி. வழக்கமான வகைகளுக்கு, ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழே எண்ணூறு மணி நேரத்துக்கு மேலான குளிர் கிடைத்தாற்றான் மொட்டுகள் ஒழுங்காக விழிக்கும். அக்குளிர் கிடையாவிடின், செடி உறங்குவதுமில்லை, விழிப்பதுமில்லை. நோயாளிபோல இரண்டுக்கும் நடுவிலே கிடக்கும்.

கொழும்பின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 27 பாகை. தை மாதத்து விடியற்காலையிலே போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளும்போதுகூட வெளியே 20 பாகைக்கு மேலேதான் இருக்கும். ராஸ்பெரியின் கணக்குப்படி கொழும்பில் ஓர் ஆண்டுக்குரிய குளிர் மணிகள் எத்தனை? ஒன்றுமில்லை.

இருந்தும், கொழும்பு தோட்டங்களின் நகரம். ஊர்ப் பெயர்களே சாட்சி சொல்லும். வெள்ளவத்தை என்பதில் 'வத்தை' என ஒலிப்பது தோட்டத்தைக் குறிக்கும் சிங்களச் சொல். கொட்டாஞ்சேனையின் பெயருக்குள் ஒரு சேனைநிலம் ஒளிந்திருக்கின்றது. கறுவாத்தோட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஒல்லாந்தர் காலத்திலே இந்நகரில் தாவரங்களைத் தேடித் திரிந்தவர்களுள் ஒருவர் சுவீடன் நாட்டவரான கார்ல் பீட்டர் துன்பெர்க். லின்னேயசின் மாணவரான அவர், யப்பானிலிருந்து திரும்பும் வழியில் 1777-இல் இங்கு வந்து, 1778-இன் தொடக்கத்தில் கப்பலேறினார். அவரைப் பின்னர் மறுபடியும் சந்திப்போம்.

ஆங்கிலேயர் கரையோரத்தைக் கைப்பற்றியபின், 1810-ஆம் ஆண்டு, சேர் ஜோசப் பாங்ஸ் என்பாரின் யோசனைப்படி கொம்பனித்தெருவிலே அரசினர் தாவரத் தோட்டம் ஒன்று அமைக்கப்பட்டது. இலண்டனுக்கு அருகிலுள்ள புகழ்பெற்ற தோட்டத்தின் பெயரையே அதற்கும் வைத்தார்கள்: கியூ. சீனாவிலே செடி திரட்டிய வில்லியம் கேர் 1812-இல் அதன் அத்தியட்சகரானார். ஆனால் இடம் தாழ்வானது; வெள்ளத்துக்கு இலக்கானது. எனவே 1813-இல் தோட்டத்தைக் களுத்துறைப் பக்கம் கொண்டுபோனார்கள். மறு ஆண்டே கேர் காலமானார். அவருக்குப் பின் வந்த அலெக்சாந்தர் மூன் 1821-இல் அதனைப் பேராதனைக்கு மாற்றினார். கொம்பனித்தெருவில் எஞ்சியது கியூ வீதி என்னும் பெயர் மட்டுமே. அவ்வழியாகப் போகிறவர்களில் எத்தனை பேர் அங்கே ஒரு தோட்டம் இருந்ததை நினைக்கிறார்களோ, அறியேன்.

இவ்வாறு களுத்துறைக்கும் பிறகு பேராதனைக்கும் போன தோட்டம், பின்னர் இன்னும் மேலே ஏறிற்று. 1861-இல் ஹக்கலையிலே, சிங்கோனா மரம் வளர்ப்பதற்காக, பேராதனையின் அதிபர் துவைற்சின் பொறுப்பில் ஒரு கிளைத்தோட்டம் தொடங்கினார்கள். கொயினா மருந்துக்கு வேண்டிய மரம் அது. சிங்கோனாவின் காலம் கழிந்தபின், அங்கே குளிர்நாட்டுப் பூக்களும் கனிகளும் இடம்பெற்றன. ஹக்கலை கடல்மட்டத்திலிருந்து ஐயாயிரம் அடிக்கு மேலே இருக்கின்றது. அதனையடுத்த நுவரெலியாவிலே, 1848-இல் குடியேறிய சாமுவேல் பேக்கர், இங்கிலாந்திலிருந்து மாடும் ஆடும் கலப்பையும் விதைகளும் கப்பலேற்றிக் கொண்டுவந்து ஆங்கிலப் பண்ணையொன்றையே நிறுவ முயன்றார். நைல் நதியின் மூலத்தைத் தேடிப் பிற்காலத்தில் பெயர் பெற்றவர் அவரே. நானுஓயா வரையில் 1885-ஆம் ஆண்டு புகையிரதம் ஓடத் தொடங்கியதும், மலைநாட்டுக் கோவாவும் கரட்டும் கொழும்புச் சந்தைக்குத் தடையின்றி இறங்கின. நமது வீட்டுச் சமையலிலே 'இங்கிலிசு மரக்கறி' என்று ஒரு வகுப்பு உண்டானதற்கு அப்புகையிரதமும் ஒரு காரணம்.

மரக்கறி இறங்கியது போலப் பழம் இறங்கவில்லை. கோவாவுக்கு ஒரு பருவத்து வளர்ச்சி போதும். ராஸ்பெரிக்கோ ஓர் உறக்கம் வேண்டும். நுவரெலியாவிலும் நிலத்திலே உறைபனி படிவது தை, மாசி மாதங்களில் சில இரவுகளே. அங்கேயே அச்செடி மனமில்லாமல்தான் வாழும். அங்கிருந்து வெள்ளவத்தைக்கு வந்த இரண்டு தண்டுகள் என்ன செய்யும்?

இந்த உண்மையை முதலிற் கூர்ந்து கண்டு எழுதியவர்களுள் ஒருவர் சேர் எமேர்சன் ரெனன்ற். 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றக் காரியதரிசியாக இருந்தவர். இலங்கையைப் பற்றி அவர் எழுதிய இரண்டு பாகப் பெருநூல் 1859-இல் வெளிவந்தது. ஐரோப்பியப் பழமரங்களான பீச்சும் செரியும் இத்தீவில் நன்றாக வளர்கின்றன. ஆனால் இலையுதிர்க்க மறந்து என்றும் பசுமையாகவே நிற்கின்றன. ஓய்வு கிடையாமையால் கனியைப் பழுக்க வைக்க மறுக்கின்றன என்று அவர் எழுதுகிறார். ஆசிரியர் சொன்ன 'நித்திரை' இதுதான்.

அடுத்து ரெனன்ற் சொல்லும் செய்தி, நேயர்களே, நமக்கு மிகவும் அண்மையானது. அது யாழ்ப்பாணத்துச் செய்தி. 1829-ஆம் ஆண்டு தொடங்கி நெடுங்காலம் வடபகுதியை ஆண்ட அரசாங்க அதிபர் பேர்சிவல் அக்லன்ட் டைக். 'டைக் துரை' என்றால் அந்நாளில் அழுத பிள்ளையும் வாய்மூடும். ஆட்சியில் அவர் கடுமையானவர் என்பார்கள்; மரங்களிடத்தில் அவர் கொண்ட பற்றோ வேறு. யாழ்ப்பாணத்துப் பழைய பூங்கா இன்றும் அவர் பெயரோடு சேர்த்தே பேசப்படுகின்றது. அவருடைய தோட்டத்திலே ஐரோப்பியத் திராட்சைக் கொடிகள் இருந்தன. கொடி படர்ந்தது, காய்த்தது, ஆனால் காய்கள் பருக்குமுன்னே உதிர்ந்தன. வேறொருவராயின் எருவை மாற்றியிருப்பார், அல்லது தோட்டக்காரனை மாற்றியிருப்பார். டைக் வேறுவிதமாக யோசித்தார்.

குளிர்நாட்டிலே கொடியின் சாற்றோட்டத்தை நிறுத்துவது கடுங்குளிர். இங்கே கடுங்குளிர் இல்லை. ஆனால் கடும் வெயில் இருக்கின்றது. குளிரின் கொடுமை செய்வதை வெயிலின் கொடுமை செய்யாதா? இந்த எண்ணத்தோடு, வெயில் உச்சமாக எரிக்கும் காலம் பார்த்து, கொடிகளின் அடிமண்ணை அகற்றி வேர்களை வெளியே காய வைத்தார். சாறு ஓடுவது நின்றது. கொடி ஓய்ந்தது. பின்னர் மண்ணை மூடி நீர் பாய்ச்சியபோது, முன்பு பிஞ்சிலே உதிர்ந்த குலைகள் முற்றிப் பழுத்தன. சுவையில் சீமைத் திராட்சைக்குச் சற்றுக் குறைவுதான் என்று ரெனன்ற் சொல்லாமல் விடவில்லை. அதனாலேயே அவர் சொன்ன மற்றதையும் நம்பலாம் என்று தோன்றுகின்றது.

யாழ்ப்பாணத்து வெயிலைக்கொண்டே யாழ்ப்பாணத்துக்கு ஒரு மாரிக்காலத்தை உண்டாக்கிய செய்தி இது! பனியும் மின்சாரமும் இன்றி, ஒரு மண்வெட்டியால் நடந்தது. டைக் 1867-இல் காலமானார். ஆனால் செடியை வலிந்து உறங்கவைக்கும் அந்தத் தத்துவம் இன்னும் பல வடிவங்களில் வாழ்கின்றது. தமிழ்நாட்டின் கம்பம் பள்ளத்தாக்கிலே, 1832-இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பன்னீர்த் திராட்சை, கவாத்து வெட்டின் முறைமையினாலே ஆண்டு முழுவதும் ஏதாவதொரு தோட்டத்தில் பழுத்துக்கொண்டேயிருக்கின்றது. அதற்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே வேருக்குப் பதிலாகக் கிளையை வெட்டிக் கொடிக்குப் பருவம் காட்டுகிறார்கள்.

அப்படியாயின் டைக் துரையின் உபாயத்தை ராஸ்பெரிக்கும் செய்யலாகாதா? எங்கள் ஆசிரியரும் இதனையே கேட்டுக்கொண்டார். அவர் தம் இரண்டாவது சாடியின் மண்ணைக் கிளறி, வேரை இரண்டு நாள் வெயிலிற் காட்டினாராம். திராட்சையின் வேர் ஆழமானது, மரத்தன்மையுள்ளது, தாங்கிற்று. ராஸ்பெரியின் வேரோ மேல்மண்ணிலே நூல்போலப் பரவுவது. ஈரம் பிரியக் கூடாதது. இரண்டு நாளில் அது சருகாயிற்று. "டைக் துரைக்குக் கிடைத்தது திராட்சை, எனக்குக் கிடைத்தது விறகு" என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

உண்மையான குளிரைக் கொழும்புக்குக் கொண்டுவரும் கலையும் இதற்கிடையில் வளர்ந்தது. 1866-இலே பனிக்கட்டி செய்யும் கம்பனி ஒன்று இந்நகரில் ஏற்பட்டது. அதன் வழிவந்த நிறுவனமே பின்னர் யானைச் சின்னத்தோடு கொம்பனித்தெருவில் நிலைபெற்றது. கியூ தோட்டம் தோற்றுப்போன அதே பகுதியில் குளிர் விற்பனைக்கு வந்தது பொருத்தமான தற்செயல். குளிரூட்டிய கப்பல்களும் களஞ்சியங்களும் வந்தபின், ராஸ்பெரி தகரத்திலும் போத்தலிலும் உறைந்த பொதியிலும் கொழும்புக்கு வந்தது; செடியாக வரவில்லை. அந்தப் பழத்தின் நிறத்தையும் மணத்தையும் சர்பத்திலும் ஐஸ்கிறீமிலும் சுவைத்து வளர்ந்த தலைமுறைகள் வெள்ளவத்தையில் உண்டு. அவர்கள் சுவைத்ததில் எவ்வளவு பழம், எவ்வளவு சாயம் என்பதை ஆராயாமல் விடுவதே நாகரிகம்.

இன்றைய வணிகத் தோட்டக்காரர் டைக் துரையின் எண்ணத்தை மற்றொரு கோடிக்குக் கொண்டுபோயிருக்கின்றனர். குளிர்நாட்டிலே ஓராண்டு வளர்ந்த தண்டுகளை, உறைநிலையை ஒட்டிய குளிரறைகளில் மாதக்கணக்காக உறங்கவைத்து, பின்னர் மொரோக்கோ, ஸ்பெயின் போன்ற வெப்பமான இடங்களில் நடுகிறார்கள். செடி தன் உறக்கத்தை வேறொரு நாட்டில் முடித்துக்கொண்டு, வெயில் நாட்டிலே விழித்துக் காய்க்கின்றது. காய்த்தபின் அத்தண்டின் வேலை முடிந்தது. ஒரு வீட்டு முற்றத்துக்கு இது ஆகுமா? குளிரறையின் மின்கட்டணத்தை எண்ணினால், பழத்தை விலைகொடுத்து வாங்குவதே மலிவு. குளிர் குறைவாக வேண்டும் வகைகளையும் உண்டாக்கியிருக்கிறார்கள். 1969-இல் அமெரிக்காவின் நியூயோர்க் மாகாணத்தில் வெளியிடப்பட்ட 'ஹெரிற்றேஜ்' முதலாண்டுத் தண்டிலேயே இலையுதிர்காலத்திற் காய்க்கும். 1972-இல் மிசிசிப்பியில் வெளிவந்த 'டோர்மன்ரெட்' வெப்பத்தை நன்கு தாங்கும். அதன் பெற்றோரில் ஒன்று ஆசிய இனம். எனினும் இவை யாவும் ஓரளவாவது மாரிக்காலம் உள்ள ஊர்களை எண்ணி உருவாக்கப்பட்டவை.

இனி, துன்பெர்க்கை மறுபடியும் அழைக்கிறேன். கொழும்பிலிருந்து திரும்பி முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1813-இல், முதிய பேராசிரியரான அவர் இந்த முட்செடிக் குலத்தைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதிலே ஓர் ஆசியச் செடிக்கு 'ரூபஸ் நிவேயஸ்' என்று பெயரிட்டார். 'நிவேயஸ்' என்றால் வெண்பனி போன்றது என்று பொருள். இலையின் அடிப்புறம் வெண்பஞ்சு போர்த்தியதுபோல் இருக்கும். தண்டிலும் வெண்பூச்சு உண்டு. பழம் முதலிற் சிவந்து, பழுத்ததும் கருநீலமாகும். முள் கொக்கிபோல வளைந்தது. ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் பெயர் 'மைசூர் ராஸ்பெரி'. பனியின் பெயரைத் தாங்கிய இச்செடி, பனியே இல்லாமற் காய்ப்பது! நூற்பெயர்கள் சிலவேளைகளில் இப்படித்தான் நம்மைக் கேலி செய்யும்.

இந்திய மலைகளிலே வேலியோரத்துப் பழமாக ஆடுமேய்க்கும் சிறுவர் பறித்துத் தின்றது இது. இதன் பெருமையை உணர்ந்து வீட்டுத்தோட்டத்துக்குக் கொண்டுபோனவர்களோ அமெரிக்கர். 1940களின் இறுதியிலும் அதற்குப் பின்னரும், தென் புளோரிடாவின் ஹோம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்திலே புரூஸ் லெடின் என்பவர் இச்செடியைப் பெருக்கி வீட்டுக்காரரிடையே பரப்பினார். அங்கே நிலம் கடல்மட்டத்துக்குச் சமம், மண் சுண்ணாம்புக்கல். ஆயினும் செடி காய்த்தது. நாம் ஜாம் தகரத்துப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், நமக்கு அயல்வீட்டுச் செடி கடல் கடந்து குடிபோயிருந்தது. சீமைப் பழத்தின் பெயரைப் பாடம்பண்ணிய நமக்கு, நமது மலைகளின் பழத்துக்குப் பாடப்புத்தகத்தில் ஒரு வரிகூட இருக்கவில்லை என்பதை ஆசிரியர் பலமுறை சொல்லி வருந்தினார். இலங்கையின் மலைக்காடுகளிலும் இக்குலத்து முட்செடிகள் உண்டு. பேராதனைத் தாவரவியலார் அவற்றைப் பெயர் சொல்லிப் பதிவுசெய்தும் வைத்தனர். அந்நூல்கள் ஆங்கிலத்திலும் இலத்தீனிலும் இருந்தன.

வெள்ளவத்தைக்கு இது உகந்ததா என்று நேயர்கள் கேட்கலாம். மனமார 'ஆம்' என்று சொல்ல என்னால் முடியவில்லை. புளோரிடாவிலும் மார்கழி, தை இரவுகளிலே குளிர் உண்டு. நமக்கு அதுவும் இல்லை. ஆசைப்படுபவர், நீர் தேங்காத பெரிய சாடியில், பிற்பகல் வெயில் படாத மூலையில், விதையிலிருந்து ஒன்றை வளர்த்துப் பார்க்கலாம். காய்த்த தண்டை அடியோடு வெட்டவேண்டும். புதுத் தண்டுக்கு இடம் அதுவே. மழைக்காலத்தில் நெருங்கிய இலையிலே பூஞ்சணம் பிடிக்கும். கையுறை இல்லாமல் அதன் அருகிற் போகவேண்டாம்.

ஓர் எச்சரிக்கையையும் சொல்லாமல் விடமுடியாது. இச்செடி பறவையின் எச்சத்தால் பரவுவது. கலாபகோஸ் தீவுகளிலே இன்று அது உள்ளூர்க் காடுகளையே மூடி நெருக்கும் பெருங்களை. இதன் உறவான மஞ்சட்பழ முட்செடி, உலகின் மிகக் கொடிய நூறு அந்நிய உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. தோட்டத்து அழகுக்காக வந்தது நாட்டுக்குத் தொல்லையான கதை கொழும்புக்குப் புதியதன்று. 1905-ஆம் ஆண்டிலே நீல மலரின் அழகுக்காக இங்கு வந்த ஆகாயத்தாமரையை ஒழிக்க, 1909-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. சட்டம் பழைய ஏடாகிவிட்டது. நமது வாய்க்கால்களிலும் குளங்களிலும் ஆகாயத்தாமரை இன்னும் பூக்கின்றது.

பேராதனையின் மக்மிலன் 1910-இல் வெளியிட்ட வெப்பமண்டலத் தோட்டக் கைந்நூல் இவ்விடயத்தில் நிதானமான வழிகாட்டி. தாழ்நிலத்துக்கு உகந்தவை வேறு, மலைக்கு உகந்தவை வேறு என்று பிரித்துக் காட்டும் நூல் அது. அந்தப் பிரிவை மனத்திற்கொண்டு பார்த்தால், கொழும்பு முற்றம் அப்படியொன்றும் வறியதன்று. முசுக்கட்டை என்னும் மல்பெரி, தோற்றத்திலே ராஸ்பெரியின் தம்பிபோலிருக்கும், குலம் வேறு. சாடியிலும் வளரும். கிளையை வெட்டி இலையை உருவிவிட்டால் சில வாரங்களில் புதுத் தளிரோடு காய் தரும். டைக் துரையின் தத்துவம் இங்கே பலிக்கின்றது! அப்புறம் ஜாம் பழமரம். வெப்ப அமெரிக்காவிலிருந்து வந்த அம்மரத்தின் சின்னஞ்சிறு செம்பழங்களைப் பொறுக்காமல் கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ வளர்ந்த பிள்ளை ஒன்றும் இராது. நட்டவர் யாரென்று தெரியாது. வௌவாலும் குருவியும் நட்டவையே பெரும்பாலானவை. பறங்கிக் குடும்பங்களின் வாழ்வைச் சொல்லும் கார்ல் முல்லரின் ஆங்கில நாவல் 1993-இல் வந்தபோது, அதற்கு வாய்த்த பெயரும் இம்மரமே.

முற்றங்கள்தாம் குறைந்துவிட்டன. அந்த ஆசிரியர் இருந்த ஒழுங்கையிலே இன்று மாடிமனைகள் எழுந்து நிற்கின்றன. வாகனம் நிறுத்துவதற்காக நிலம் சீமெந்தாயிற்று. மேல்மாடிகளில் பூச்சாடி வைக்க ஒரு முழ அகலம் உண்டு. ஆசிரியரின் வீடு 1983 ஆடியிலே எரிந்தது. சாடிகள் உடைந்தனவா, யாரேனும் எடுத்துச் சென்றனரா என்று அவர் பின்னர் ஒருபோதும் கேட்கவில்லை. சில மாதங்களின் பின் மகளோடு கனடாவுக்குப் போனார்.

ரொறன்ரோவிலே, அவர்கள் வாங்கிய வீட்டின் பின்வேலியில், முன்பிருந்தவர்கள் விட்டுச்சென்ற ராஸ்பெரிப் புதர் இருந்தது. யாரும் நடவில்லை, யாரும் நீர் ஊற்றவில்லை. வேர் வேலிக்கு அடியாலே புகுந்து அயலவரின் புல்வெளியிலும் முளைத்து வழக்குக்கு இடம் வைத்ததாம். ஆறு மாதம் பனிக்குள்ளே கிடந்து உறங்கி எழும் செடிக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? முதற் பழத்தைப் பறித்து வாயிலிட்டபோது, "இதற்காகவா நாற்பது வருடம்?" என்று மட்டும் சொன்னாராம். இனிப்பைவிடப் புளிப்பே கூடுதலாக இருந்ததாம். பிறகு ஒவ்வொரு கோடையிலும் காலையில் ஒரு கிண்ணம் பறித்து, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்து வந்தார்.

அவர் இப்போது இல்லை. மகள் ஆண்டுக்கொருமுறை எனக்கு எழுதுவார். அவ்வீட்டின் சமையலறை யன்னலருகே ஒரு சாடியிலே கறிவேப்பிலைக் கன்று வளர்கின்றது. புரட்டாதி பிறந்து குளிர் தலைகாட்டியதும் அதனை உள்ளே கொண்டுவந்து, வெப்பமூட்டிக்குப் பக்கத்தில் வைத்து, மேலே ஒரு விளக்கையும் எரியவிட்டு, வைகாசியிலே மறுபடியும் வெளியில் எடுத்து வைப்பார்களாம். சென்ற கடிதத்திலும் அந்தச் செய்திதான் முதலில் இருந்தது: இலையெல்லாம் கொட்டிவிட்டதென்று பயந்திருந்தார்கள், தை முடிவில் அடித்தண்டிலிருந்து மூன்று கொழுந்து வந்திருக்கின்றது. ராஸ்பெரியைப் பற்றி அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.